பொன்முடி ஈரமும் ஒரு குண்டு அச்சும்

குறடு வடிவில் இரண்டு நீண்ட கைப்பிடிகள். அவற்றின் முனையில், மூடினால் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும் இரண்டு இரும்புக் கட்டிகள். ஒவ்வொரு கட்டியிலும் அரைக்கோளமாக ஒரு குழி. மேலே உருகிய காரீயத்தை ஊற்ற ஒரு சிறு வாய். குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துச் சுட்ட காலத்தில், துப்பாக்கி வைத்திருந்தவர்களின் கையில் இப்படி ஓர் அச்சும் இருந்தது. குழலுக்குக் குழல் விட்டம் வேறுபடும். ஒன்றுக்கு வார்த்த குண்டு இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் வேட்டைத் துப்பாக்கிகளைப் பெட்டியோடு விற்றவர்கள், அந்தந்தத் துப்பாக்கிக்கு உரிய அச்சையும் பெட்டிக்குள் வைத்தே கொடுத்தார்கள்.

திருவிதாங்கூருக்கு இந்த உலோக வேலை புதிதல்ல. 1741இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். சிறைப்பட்டவர்களில் ஒருவரான டி லனாய் பின்னாளில் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் புலியூர்க்குறிச்சியருகே நிற்கும் உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை எரிந்தது அவர் காலத்தில்தான். 1777இல் இறந்த அவருடைய கல்லறையும் அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் மலைச்சரிவுகளில் காப்பியும் தேயிலையும் பயிரிட வந்த ஆங்கிலேயத் தோட்டக்காரர்களோடு வேட்டைத் துப்பாக்கிகளும் மலையேறின.

இந்த அத்தியாயத்துக்குப் பொன்முடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் காற்று. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாற்றைத் தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை, துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்யும். மழை இல்லாத நாளிலும் மேகம் சாலையில் இறங்கி நிற்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடுகிறது. பொன்முடியில் ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேதான் கழிகிறது. இரும்பைப் பராமரிக்கும் கலையைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடினமான இடம் தென்னாட்டில் அதிகம் இல்லை.

அச்சைத் துலக்குவதற்கு முன், அந்தப் பொருளில் மதிப்புள்ளது எது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியில் கீறல் விழுந்தால் பெரிய இழப்பில்லை. கட்டியின் வெளிப்புறம் கறுத்தாலும் பரவாயில்லை. உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் கருவி. மற்ற எல்லாம் அதைத் தாங்கிப் பிடிப்பவை. ஆங்கிலேயக் கம்பெனிச் சிப்பாய்கள் ஏந்திய மஸ்கட் துப்பாக்கியின் குழல் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். அதற்கான குண்டின் விட்டம் சுமார் 17.5 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய தூய காரீயக் குண்டு ஏறத்தாழ 32 கிராம் எடை வரும். இப்போது ஒருவர் உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு குழியைப் பளபளப்பாகத் தேய்க்கிறார் என்று வையுங்கள். சுவரில் ஒரு தாளின் கனம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் போதும்: அதன் பிறகு அந்த அச்சில் வார்க்கும் ஒவ்வொரு குண்டும் ஒரு கிராமுக்கு மேல் எடை கூடியே பிறக்கும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட வழியில்லை. பழைய அச்சுகள் துருவால் கெட்டதைவிடத் துலக்கியவர் கையால் கெட்டதே அதிகம் என்பது என் கருத்து.

இரண்டு கட்டிகளும் சேரும் முகத்தில் மயிரிழை போன்ற கோடுகள் கீறியிருக்கும். அவை காற்றுப் போக்கிகள். உள்ளே ஊற்றும் உலோகத்துக்கு இடம்விட்டுக் காற்று அவற்றின் வழியாக வெளியேற வேண்டும்; உலோகமோ வெளியேறக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே கோடு எப்படிச் செய்கிறது? உருகிய காரீயத்தின் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. துருவேறாத, எண்ணெய்ப் பசையற்ற இரும்புப் பரப்பில் அது பரவாமல் உருண்டு நிற்கவே பார்க்கும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலமுள்ள இடுக்குக்குள் அதைத் தள்ள வேண்டுமானால் மேலே பத்து சென்டிமீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு ஈயம் நின்று அழுத்த வேண்டும். அச்சின் வாயிலிருந்து குழியின் அடிவரை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஆகவே காற்று போகும், ஈயம் தங்கும். இதே இழுவிசையை நம்பி அச்சையே ஒதுக்கிவிட்டவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ். உயரத்திலிருந்து சல்லடை வழியாக உருகிய ஈயத்தைச் சொட்டவிட்டால், விழும் வழியிலேயே ஒவ்வொரு துளியும் உருண்டையாகிக் கீழே தண்ணீருக்குள் இறுகிவிடும். 1782இல் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். சிறு ரவைகளுக்கு அது சரி. பெரிய குண்டுக்கு அச்சு தேவைப்பட்டது. அந்தக் கோடுகளும் தேவைப்பட்டன. கம்பித் தூரிகையால் முகத்தை அழுத்தித் தேய்ப்பவர் முதலில் அழிப்பது அவற்றைத்தான்.

சரி, அழுக்கு என்கிறோமே, அது எது? பழைய அச்சில் மூன்று வகை இருக்கும், மூன்றுக்கும் வேதியியல் வேறு. எளிதானது எண்ணெய். துருவுக்குப் பயந்து யாரோ பூசி வைத்த எண்ணெய் குழிச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தங்கியிருக்கும். 327 டிகிரியில் உருகும் காரீயம் அதைத் தொட்டவுடன் படலம் ஆவியாகி, உலோகத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வாயுத் திரையாக நிற்கும். ஈயம் சுவரைத் தொடாமலே இறுகும். வெளியே வருவது சுருக்கம் விழுந்த குண்டு. அச்சு போதுமான அளவு சூடாகாவிட்டாலும் இதே சுருக்கம் விழும். வார்ப்புக்காரர் இரண்டையும் பிரித்தறிவது எளிய வழியில்: அச்சு நன்றாகச் சூடேறிய பிறகும் சுருக்கம் போகவில்லையென்றால் குற்றவாளி எண்ணெய்.

கேரளத்தில் இரும்புக்கு எண்ணெய் என்றால் கை தேங்காயெண்ணெய்க்குத்தான் போகும். அச்சுக்கு அது நல்ல தேர்வல்ல. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டிப்பட்டு வார்னிஷ்போல் உறையும்; தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நிறைவுற்றவை, அதனால் அது உறைந்து காப்பாக நிற்பதில்லை. வழிந்து ஓடும், நாளாவட்டத்தில் காறும், காறும்போது வெளிப்படும் அமிலங்கள் உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். பித்தளை அச்சில் மூட்டோரங்களில் பச்சையாகப் பிசுபிசுக்கும் பசை பெரும்பாலும் அப்படி உண்டானதுதான். எந்த எண்ணெயானாலும் சோப்புக் கலந்த வெந்நீரும் மென்மையான பல் தூரிகையும் அதைக் கழற்றும். மண்ணெண்ணெய் ஒரு பசையைக் கரைத்து இன்னொன்றை விட்டுச் செல்லும். கழுவியபின் ஈரத்தோடு விட்டால் வெற்று இரும்பின்மேல் சில நிமிடங்களில் செம்மஞ்சள் பூக்கும். ஆகவே சாராயத்தால் (ஆய்வகத்து எத்தனாலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ) ஒருமுறை அலசி, உடனே சூட்டில் உலர்த்த வேண்டும். ஆவி பற்றிக்கொள்ளும், அருகே நெருப்பு கூடாது.

இரண்டாவது, ஒட்டிக்கொண்ட ஈயம். இங்கேதான் கதை சுவையாகிறது. காரீயம் இரும்போடு கலப்பதே இல்லை; உருகிய நிலையிலும் இரும்பைக் கரைக்காது. பிறகு ஏன் சில அச்சுகளில் வெள்ளிப் பூச்சுபோல் ஒட்டி நிற்கிறது? குற்றம் வெள்ளீயத்துடையது. குழியை நன்றாக நிரப்பட்டும் என்று வார்ப்புக்காரர்கள் காரீயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்ப்பார்கள். வெள்ளீயமோ இரும்போடு சேர்மமாகவே பிணையும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரை நினைத்துப் பாருங்கள். அவர் முதலில் பாத்திரத்தை வெறும் உலோகம் தெரியும்வரை தேய்க்கிறார், சூடாக்குகிறார், நவச்சாரத்தைத் தூவுகிறார். மீதமிருந்த ஆக்ஸைடு படலமும் அந்தப் புகையில் கழன்றுவிடுகிறது. அதன் பிறகு பஞ்சால் ஓர் இழுப்பு: வெள்ளீயம் பரப்பெங்கும் ஓடிப் பிடித்துக்கொள்கிறது. அவர் ஆசைப்படுகிற நிலை எதுவோ, அதுவே அச்சுக்காரர் அஞ்சுகிற நிலை. அமிலத்தில் ஊறவைத்து, பளிச்சென்று வெறும் இரும்பு தெரியத் தேய்த்த அச்சில் அடுத்த வார்ப்பு ஈயப் பூச்சாகிவிடும். மெல்லிய கருநிற ஆக்ஸைடு படலம் அழுக்கல்ல, காவல். பழைய வார்ப்புக்காரர்கள் விளக்குப் புகையைக் குழிக்குள் காட்டிக் கரிப்பூச்சு ஏற்றியதும் இதற்காகத்தான்.

இதே உலோகங்களில் தமிழ் அச்செழுத்தும் பிறந்திருக்கிறது. தரங்கம்பாடி மிஷனின் அச்சகத்துக்கு முதலில் ஜெர்மனியின் ஹால்லே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை. தாள் அதிகம் தின்றன. பின்னர் பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறைகள் அதற்காக உருக்கப்பட்டன. 1821இல் கோட்டயத்தில் சி.எம்.எஸ். அச்சகத்தைத் தொடங்கிய பெஞ்சமின் பெய்லி, உள்ளூர்த் தச்சரையும் தட்டாரையும் துணைக்கு வைத்துக்கொண்டு மலையாள எழுத்துகளை வார்த்தார். எழுத்துக்கும் கடினமான குண்டுக்கும் கலவை ஒன்றே: காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி, விகிதம் மட்டும் மாறும். காரீயத்தில் ஏறத்தாழ 11 சதவீதம் ஆன்டிமனி சேர்ந்தால் 252 டிகிரியிலேயே உருகி, இறுகும்போது கெட்டியாகி, சுருக்கமும் குறைகிறது. எழுத்தின் நுண்ணிய வளைவு அச்சிலிருந்து அப்படியே எழும்பி வர வேண்டும் என்பவருக்கு அச்சுச் சுவரின் தூய்மை உயிர்நாடி.

ஒட்டிய ஈயத்தைக் கத்தியால் சுரண்டக் கூடாது. எஃகு வழுக்கினால் கீறல் குழியில்தான் விழும். பயன்பாட்டில் உள்ள எந்த ஈய வார்ப்பு அச்சானாலும், ஈயம் உருகும் சூட்டுக்கு அச்சையே கொண்டுபோய் உலர்ந்த பருத்தித் துணி சுற்றிய மூங்கில் குச்சியால் துடைத்தெடுப்பது வழி. அச்சு முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். இடுக்கில் ஒரு துளி தண்ணீர் இருந்து, அதன்மேல் உருகிய ஈயம் விழுந்தால், நீராவி சுமார் 1,700 மடங்கு விரியும். ஈயம் முகத்தில் தெறிக்கும். பொன்முடிபோன்ற இடத்தில் அலமாரியிலிருந்து எடுத்த அச்சை உலர்ந்தது என்று கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது. சூடாக்கித்தான் உறுதி செய்துகொள்ள முடியும்.

வினிகரில் ஊறவைத்தால் ஈயம் கரையும் என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அசிட்டிக் அமிலமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து காரீயத்தைக் கரைக்கும்போது உண்டாவது ஈய அசிடேட். நிறமற்றது, சுவையில் இனிப்பது, நஞ்சு. ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சேர்த்தால் வேலை வேகமாகும். ஒரு கிண்ணம் நிறைய நச்சுக்கரைசல் கையில் நிற்கும். அதைக் கொட்ட மலையில் இடமில்லை. கொட்டியது ஓடைக்குப் போகும், ஓடை கல்லாற்றுக்குப் போகும்.

அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய பழைய அச்சென்றால் ஒட்டிய ஈயத்தைத் தொடவே கூடாது. காரீயத்தில் நான்கு ஐசோடோப்புகள் உண்டு. அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். குழியின் மூலையில் குண்டூசித் தலையளவு ஈயம் இருந்தாலே அது எந்த நாட்டுத் தாதிலிருந்து வந்தது என்று ஆராய வழியுண்டு. வார்ப்புக்காரருக்கு அழுக்கானது வரலாற்றாசிரியருக்குச் சான்று. எந்தத் துடைப்பையும் தொடங்குமுன் இந்தக் கேள்வியை முடித்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மூன்றாவது, துரு. அது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் கீல் இறுகும், கட்டிகள் முழுதாக மூடாது. பொன்முடியில் துருவுக்கு மழை மட்டும் காரணமல்ல. இரவில் குளிர்ந்த இரும்பைக் காலையில் எடுத்துக்கொண்டு ஒருவர் திருவனந்தபுரத்துக்கு இறங்குகிறார் என்று கொள்வோம். மேலே இரும்பின் வெப்பநிலை 20 டிகிரியைச் சுற்றி. கீழே காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். அந்தக் காற்றின் பனிநிலை 25 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின்மேலும் அந்தக் காற்றின் ஈரம் நீராகப் படியும். பெட்டியைத் திறந்த நிமிடத்தில் அச்சு வியர்க்கும். குழிக்குள், கீலுக்குள், துணி எட்டாத இடங்களில் வியர்க்கும். நகரத்துக் காற்றில் கடலுப்பும் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு துருவுக்கு அடியில் புகுந்துவிட்டால், மேலே எவ்வளவு துடைத்தாலும் கீழே அரிப்பு தொடரும். இதைத் தடுக்க மருந்து எதுவும் வேண்டாம்: காற்றுப் புகாத உறையில் அச்சை இட்டு மூடி இறக்க வேண்டும், கீழே வந்து சில மணி நேரம், அச்சு அறை வெப்பத்துக்கு வரும்வரை, உறையைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

படிந்துவிட்ட துருவுக்குப் பொன்முடியே ஒரு மருந்தைத் தருகிறது. சரிவெங்கும் தேயிலை. தேயிலையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் வகைச் சேர்மங்கள் துருவிலுள்ள இரும்போடு பிணைந்து கருநீலச் சேர்மமாக மாறும். இரும்புச் சட்டியில் கடுக்காய்ச் சாறு கறுப்பதும், பழைய மை கறுத்ததும் இதனால்தான். தளர்ந்த செந்துரு, இறுகிய கறுப்புப் படலமாகிறது. ஈரம் உள்ளே போவது குறைகிறது. பழம்பொருள் பாதுகாவலர்கள் தொல்பொருள் இரும்புக்கு டானிக் அமிலக் கரைசலை இன்றும் பூசுகிறார்கள். கடையில் வாங்கும் தேயிலையை விடக் கடுக்காயில் டானின் செறிவு அதிகம். ஆனால் படலத்துக்கும் கனம் உண்டு. கைப்பிடிக்கும் வெளிப்புறத்துக்கும் பூசலாம், குழிக்குள் கூடாது.

குழிக்குள் துரு ஆழமாக இறங்கியிருந்தால் தேய்ப்பதைவிட மின்சாரம் மேல். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் எஸ். பரமசிவன், களிம்பேறிய வெண்கலத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டார். தேய்ப்பவர் களிம்போடு சேர்த்துக் கண்ணிமைக் கோட்டையும் எடுத்துவிடுவார். மின்சாரம் களிம்பைத் தனியே தளர்த்தும். அந்தத் தத்துவமே இரும்பு அச்சுக்கும். சலவைச் சோடாக் கரைசலில் அச்சை எதிர்முனையில் கட்டித் தொங்கவிட்டு, நேர்முனையில் சாதாரண இரும்புத் தகடு வைத்து, குறைந்த மின்னழுத்தத்தில் நேர்மின்னோட்டம் செலுத்த வேண்டும். அச்சின் பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்து துருவை உள்ளிருந்து நெகிழ்த்தும். ஒரு பகுதித் துரு ஒடுங்கிக் கருநிறமாகும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகு வேண்டாம், அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் எரியும் வாயு. திறந்த இடத்தில்தான் செய்ய வேண்டும்.

எந்த முறையானாலும் உலர்ந்த துருவையும் ஈயச் சாம்பலையும் தூரிகையால் தட்டிப் பறக்கவிடக் கூடாது. ஈய வேலையில் ஆளைக் கொல்வது உருகிய உலோகத்தின் ஆவி என்று பலர் நினைக்கிறார்கள். 350 டிகிரியில் ஈயம் மிகக் கொஞ்சமே ஆவியாகும். தூசுதான் கைக்கும், கையிலிருந்து சோற்றுக்கும் போகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தைகளின் வளரும் மூளைக்கு அது செய்யும் கேடு திரும்பாதது. ஆகவே ஈரத் துணியால் துடைப்பு, கையுறை, தனி உடை. அந்த மேசையில் சாப்பாடு கூடாது, அந்த அறையில் குழந்தை கூடாது. துடைத்த துணியை அடுப்பில் எரிக்காமல், நச்சுக் கழிவாகக் கட்டி ஒப்படைக்க வேண்டும்.

பரணில் இப்படி ஒன்று கிடைத்தவர் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக் குண்டுகளோடு, அவற்றைத் தயாரிக்கும் கருவிகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுத் தொல்லியல் துறையிடம் கேட்பது நல்லது. பொன்முடி வழியிலேயே, நெடுமங்காட்டுக் கோயிக்கல் அரண்மனையில், கேரளத் தொல்லியல் துறை 1992 முதல் நாட்டார் கலை அருங்காட்சியகத்தையும் நாணயக் காட்சியகத்தையும் நடத்துகிறது. இதே ஈரக்காற்றில் பழைய உலோகத்தைக் காக்கும் வேலை அங்கே அன்றாடம்.

வைப்பதற்கு மரப்பெட்டி அழகாகத் தெரியும். ஆனால் புது மரமும் ஒட்டுப்பலகையும் அசிட்டிக் அமில ஆவியை மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய மரப்பேழையில் வைத்த ஈயப் பொருள்கள் வெண்பொடியாக உதிர்ந்ததை உலகின் பல அருங்காட்சியகங்கள் பார்த்திருக்கின்றன. குழிக்குள் மெல்லிய மெழுகு பூசி, இறுக மூடும் பாலிபுரொப்பிலீன் டப்பாவில், செம்மஞ்சள் நிற சிலிக்கா ஜெல் மணிப்பையோடு வைக்கலாம். இன்ன நாளில் இன்ன மெழுகு, இன்ன கரைசல் என்று பென்சிலில் எழுதிய சீட்டும் உடன் இருக்கட்டும். அடுத்துத் துலக்குபவருக்கு எதைக் கழற்றுகிறோம் என்று தெரிய வேண்டும். மழைக்காலத்தில் மணிகள் சீக்கிரமே ஈரம் குடித்து நிறம் மாறும். அப்போது அவற்றைச் சுமார் 120 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் உலர்த்தி, ஆறியவுடன் திரும்ப இட்டு டப்பாவை மூடினால் போதும்.